வெற்று நாடா

பன்னிரண்டாம் மைலில் வானொலி செத்துவிடும்.
அதன்பிறகு நானூற்றுப் பதினோரு தபால் பெட்டிகள்,
ஏரிக்காற்று, கண்ணாடி துடைப்பானின் முனகல்,
வலப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த கிழட்டு சுபாரு.
மிச்சிகனின் வடமுனையில் கிராமத் தபால்காரிக்கு
கார் அவளுடையது,
பெட்ரோல்படி அரசாங்கத்தினுடையது,
அலுப்பு இருவருக்கும் பொது.

ஒரு ஞாயிறு, வெண்ணெய்க் கத்தியால் நெம்பி
ஸ்டீரியோவின் முகத்தைக் கழற்றினேன்.
நான்கு திருகாணி. ஒன்று உள்ளே விழுந்து
இன்னும் எங்கோ உருள்கிறது.
வளைவுகளில் கேட்கும்.

பழைய இயர்போன் ஒன்றின் கழுத்தை அறுத்தேன்.
உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு.
தலைமயிரைவிட மெல்லிசு.
மேலே பூசிய அரக்கை லைட்டரால் பொசுக்கினால்தான்
ஈயம் பிடிக்கும்.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
மூன்று முறை ஒட்டாமல் நழுவியபின்
விரல்நுனிக் கொப்புளம் சொன்னது.

சர்க்யூட் அட்டையில் எறும்பு எழுத்தில்
எல், ஆர், ஜி.
மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு மூக்குக் கண்ணாடி.
ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.
மூன்றாவது என் கால்சட்டையில்.

எல்லாம் சரி, சத்தம் மட்டும் வரவில்லை.
பிடிவாதம் பிடித்த பெட்டி:
உள்ளே கேசட் சுழன்றால்தான்
அந்த வாசலைத் திறக்குமாம்.
அதாவது நான் விரும்பியதைக் கேட்க
அதற்கடியில் ஒரு மௌனம்
ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மௌனத்தை இப்போது எந்தக் கடையிலும் விற்பதில்லை.
தேவாலயப் பாடகர் குழு, தொண்ணூற்று மூன்று
என்று எழுதிய கேசட்டை
(மன்னித்துக்கொள் இர்மா, உன் தனிப்பாட்டும் அதில்தான்)
சமையலறை டேப்பில் போட்டுப்
பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு
பனி வழிக்க வெளியே போனேன்.
பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்.

அந்தப் பெட்டிக்குச் சொந்தமாய் ஒரு காது உண்டென்று
எனக்குத் தெரியாது.

திங்கள்கிழமை. போனில் போர்த்துகீசியப் பாடம்.
ஏன் போர்த்துகீசியம் என்றால் பதிலில்லை.
நூலகத்தில் இலவசமாய்க் கிடைத்தது.
ஒரு பெண் சொல்வாள்,
நான் திருப்பிச் சொல்லக் காத்திருப்பாள்.

"ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?"

காத்திருக்கிறாள்.
நாற்காலி நகர்கிறது.
ஃப்ரிட்ஜ் கதவு.
டேல், என் கணவன்,
இரவெல்லாம் பனிக்கலப்பை ஓட்டிப் பகலில் தூங்குகிறவன்,
என்மேல் ஒரு நாளைக்கு
ஆறு சொல்லுக்குமேல் செலவழிக்காதவன்,
நாயிடம் சொல்கிறான்:
"இங்க வாடி என் ராசாத்தி. அவகிட்ட சொல்லிடாதே."

பிறகு மொறுமொறுவென்று ஏதோ, இரண்டு வாய்களில்.
பிறகு ஒரு சிரிப்பு.
இருபத்தாறு வருடத்தில்
வீட்டின் அந்த அறைக்குள் நான் போனதே இல்லை.

"மிக நன்று" என்றாள் போர்த்துகீசியக்காரி.

காஸ்கி வீட்டுப் பெட்டியைத் தாண்டிவிட்டேன்.
ரிவர்ஸ் எடுத்தேன். மின்கட்டண ரசீதைப் போட்டேன்.
நாடாவைப் பின்னால் ஓட்டினேன்.

வேறு மௌனம் தயாரிக்க இப்போது வழி தெரியும்.
மைக் துளையில் ஒரு வெறும் பின்னைச் செருகினால் போதும்,
பெட்டி செவிடாகிவிடும்.
பின்கூட வாங்கிவிட்டேன்.
கையுறைப் பெட்டியில் கிடக்கிறது,
ரப்பர் பேண்டுகளோடு.

பதினேழாவது நிமிடம் பெரும்பாலும்
ஓடைப் பாலத்தருகே வரும்.
சாலை மோசமாக இருந்தால் பாலத்துக்கு முன்பே.
பாடம் எங்கே போயிருந்தாலும்,
சூப் ஆறிவிட்டது,
என் மாமா ஒரு பல்மருத்துவர்,
அதற்கு நடுவே கதவு திறக்கும், நாய் ஓடிவரும்.

நேற்று இரவு உணவின்போது டேலிடம் கேட்டேன்,
ரயில் நிலையம் எங்கே என்று, போர்த்துகீசியத்தில்.
"என்ன?" என்றான். ஆறில் ஒன்று போயிற்று.
மேசைக்கடியில் நாய் தலையைத் தூக்கி
அவனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

எங்கள் மாவட்டத்தில் ரயில் நிலையமே கிடையாது.
'சொல்ல மாட்டேன்' என்பதற்கு என்ன வார்த்தை?
அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.